பார்த்து எழுது

கெயோன் துறைமுகத்தில் மழை நிற்பதில்லை.
கொஞ்சம் களைப்பாறும், அவ்வளவுதான்.
தகரக் கூரையின் கீழ் நூற்று நாற்பது பேர்
ஆவியில் வாய் பிளந்த சிப்பிகளிலிருந்து
சதையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.
மாடியில், கண்ணாடிக்குப் பின்னால், நான்.
அந்தச் சதையை அரைத்து
இதில் எவ்வளவு கடல், எவ்வளவு விஷம் என்று
எண்ணிச் சொல்பவள்.

எண்பது வரை மனிதர் தின்னலாம்.
எண்பத்தொன்று என்றால் கதவடைப்பு.

அன்று நூற்றுப் பன்னிரண்டு.
மறுபடி அரைத்தேன்.
நூற்றுப் பதினான்கு.

தோன் எரால்தோ மான்சியா தாளைக் கையில் வாங்கவில்லை.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
கொள்கலன் ஏற்றக் காத்திருந்த கப்பலைப் பார்த்தார்.
போன கோடையில் கடல் சிவந்து
மூன்று வாரம் மூடிக் கிடந்ததைச் சொன்னார்.
ரொட்டிக்கடையில் யார் யார் பெயரில்
எவ்வளவு கடன் ஏறியது என்பதுகூட
அவருக்கு மனப்பாடம்.
என் தம்பியின் முதுகெலும்பு அறுவைக்கு
முன்பணம் தந்ததை மட்டும் சொல்லவில்லை.
சொல்லாமல் விட்ட இடத்தில்
அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"பார்த்து எழுது" என்றார்.

பதினோரு வருடமாகப் பார்த்துத்தானே எழுதுகிறேன்?
ஆனால் அந்தச் சொல்லுக்குள் இன்னொரு சொல் இருந்தது,
சிப்பிக்குள் குடியிருக்கும்
பட்டாணி அளவு நண்டைப் போல.

எழுபத்தெட்டு என்று எழுதினேன்.
எழுபத்தொன்பது என்றால் கண்ணில் குத்தும் என்று
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
பொய்க்குக் கைப்பழக்கம் முன்பே இருக்கிறது.

கீழே சிலர் நிமிர்ந்து என் முகம் பார்த்தார்கள்.
தலையசைத்தேன்.
கத்திகள் மறுபடி ஓடத் தொடங்கின.
ஏனென்று கேட்காத அந்த நிம்மதியையும்
குற்றப் பட்டியலில் சேர்க்கலாமா?
இன்றுவரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

எழுபத்தெட்டின் நகல் ஒன்று
கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டப்பட்டது,
விதிப்படி.

அந்த வாரம் சாப்பாட்டறையில்
தோன் எரால்தோ மாட்டிறைச்சி கேட்டார்.
சமையற்காரர் கவனித்தார். கணக்கர் கவனித்தார்.
மேற்பார்வையாளர்கள் மூவரும்
மறுநாளே மாட்டிறைச்சிக்கு மாறினார்கள்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை,
மெல்லுவதற்குத் தவிர.

நோல்ஃபா சாப்பாட்டறைக்கு வருவதில்லை.
மதியம் அவள் சாப்பிடுவது
கோட்டுப் பையிலிருக்கும் அவித்த உருளைக்கிழங்கு.
அவள் பார்த்தது தொட்டிக்கு மேலிருந்த தாளை.
அடியில் என் கையெழுத்து.
அவள் மகனின் ஞானஸ்நானப் பதிவில்
சாட்சியாக நிற்பதும் அதே கையெழுத்துதான்.
உடைசல் சிப்பியில் ஒரு பை எடுத்துப் போனாள்.

முதலில் உதடு. பிறகு விரல் நுனி.
பிறகு எலாதியோ, ஒன்பது வயது,
"அம்மா, என் நாக்கு எங்கே?" என்று கேட்டானாம்.

பிழைத்தான்.
மூச்சுக் கருவியில் நான்கு நாள்.
ஒவ்வொரு நாளும் கப்பல் இன்னும் தொலைவில் இருந்தது.

விசாரணையில் தோன் எரால்தோ
ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.
"பார்த்து எழுது என்றேன்.
எப்போதும் அதைத்தான் சொல்வேன். யாரையும் கேளுங்கள்."
கேட்டார்கள்.
ஆமாம், அதைத்தான் சொல்வார் என்றார்கள், எல்லோரும்.

என் நாற்காலியில் இப்போது
யாமிலெத் என்று ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.
அவளுடைய அப்பாவுக்குப் படகு வாங்க
ஆலை கடன் கொடுத்திருக்கிறதாம்.

நான் படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிறேன்.
வண்டி எண்களைப் பதிகிறேன்.
நேற்று மழையில் நோல்ஃபா வந்தாள், பையனோடு.
ஒன்றரைச் சீட்டு.
என்னிடம் ஒன்றும் பேசவில்லை.
சீட்டை விளக்கடியில் பிடித்து
அதிலிருந்த எண்ணை
இரண்டு முறை சரிபார்த்தாள்.